மிதித்தவர் பெயர்

குப்பைத்தொட்டி வாங்கப் போன அன்று மிருதுளாவும் கௌதமும் சண்டை போடவில்லை. அதை நினைத்தால் இன்றும் அவளுக்குக் கோபம் வருகிறது. சோபாவுக்குச் சண்டை போட்டார்கள், திரைச்சீலை நிறத்துக்கு மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். இதற்கு மட்டும் அரை மணி நேரத்தில் இருவருக்கும் ஒரே கருத்து வந்துவிட்டது.

மிருதுளா நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் வடிவமைக்கும் நிறுவனத்தில் பொறியாளர். எதை வாங்கினாலும் கவிழ்த்துப் பார்ப்பாள். கடையில் ஒவ்வொரு தொட்டியாகக் கவிழ்த்தாள். மிதியை மூடியோடு இணைக்கும் கம்பி இரும்பா, பிளாஸ்டிக்கா. மிதிக்கும்போது தொட்டி பின்னால் நகராமல் இருக்க அடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா. உள்வாளியைத் தூக்கிக் கழுவக் கைப்பிடி உண்டா. மூடி படாரென்று விழுகிறதா, மெதுவாக இறங்குகிறதா. சமையலறைக்கு இருபது லிட்டர், குளியலறைக்கு ஆறு லிட்டர். குளியலறைத் தொட்டி துருப்பிடிக்கக் கூடாது. இவ்வளவையும் யோசித்தவள், அதைத் தினமும் கழுவப்போகிற ஜோதிமணியைக் கேட்கவேண்டும் என்று யோசிக்கவில்லை.

சாதாரணத் தொட்டிகள் கடையின் ஓரத்தில் தூசி படிந்து கிடந்தன. விற்பனைப் பையன் அவர்களைத் 'தூயகம்' என்ற நிறுவனத்தின் வரிசைக்கு அழைத்துப்போனான். மிதியில் கால் வைத்ததும் அது யார் கால் என்று தொட்டிக்குத் தெரிந்துவிடும் என்றான். எடை, அழுத்தும் விதம், விரல்கள் பதியும் வரிசை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறுமாம். மூடிக்கு அடியில் இருக்கும் கருவி விழுகிற குப்பையைப் பார்க்கும், முகர்ந்தும் அறியும்.

"ஈரக் குப்பைல பிளாஸ்டிக்கைப் போட்டது யாருன்னு தெரிஞ்சிரும் மேடம். அதோட வீட்ல யாருக்காச்சும் தொற்று கிற்று இருந்தா, அவங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடி சொல்லிரும். உங்க விவரம் உங்க போனுக்கு மட்டுந்தான் வரும். சட்டம் அப்படி."

'உங்க' என்றால் யார் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. குடியிருப்புச் சங்கம் எல்லா வீட்டுக்கும் தூயகத்தையே பரிந்துரைத்திருந்தது. மூடியும் சத்தமில்லாமல் இறங்கியது. வாங்கிவிட்டார்கள்.

சரவணம்பட்டியில் பதினான்கு மாடிக் குடியிருப்பு அது. ஒன்பதாவது மாடியில் மிருதுளா, கௌதம், கௌதமின் அம்மா கலாமணி மூவரும் இருந்தார்கள். கௌதமின் தங்கை வேறு ஊரில் வேலை பார்த்தாள். கலாமணிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடப்பார். ஜோதிமணி காலை ஏழு மணிக்கு வந்து பாத்திரம் கழுவி, வீடு துடைத்து, கலாமணிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, அதே கட்டடத்தில் இன்னும் மூன்று வீடுகளுக்குப் போவாள். வயது நாற்பத்தெட்டு. கணவர் இறந்து பல வருடம். கணபதி என்ற பகுதியில், பொதுக்குழாயும் பொதுக் கழிப்பறையும் கொண்ட ஒரு லைன் வீட்டில் தனியாக இருந்தாள். மிருதுளா அவளை ஜோதியக்கா என்பாள். அவளும் மிருதுளாவை அக்கா என்றே கூப்பிடுவாள்.

தொட்டியைப் பொருத்த வந்த ஆள் வீட்டிலிருந்த எல்லோரையும் தலா பத்து முறை மிதிக்கச் சொன்னான். ஜோதிமணியும் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தாள். அவளுடையதை 'வெளியாள்' என்ற பகுதியில் பதிந்துகொண்டான்.

இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. ஒரு புதன்கிழமை காலை மிருதுளாவின் போனில் சங்கத்திலிருந்து செய்தி வந்தது. 'உங்கள் இல்லத்தில் பணிபுரியும் வெளியாள். பெயர்: ஜோதிமணி. குளியலறைக் கழிவில் காசநோய் ஐயம். வளாக அனுமதி நிறுத்தப்பட்டது.'

கீழே ஓடினாள். வாசல் கதவருகே இருந்த பெரிய திரையில் ஜோதிமணியின் புகைப்படம், சுற்றிலும் சிவப்புக் கோடு. பள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்த தாய்மார்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜோதிமணி கம்பிக்கு வெளியே, வெயிலில், டிபன் பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

"எனக்கு இருமலே இல்லீங்க அக்கா," என்றாள். "நீங்க தினமும் பாக்கறீங்கல்ல?"

அவள் கம்பியை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தாள். மிருதுளா ஒரு அடி பின்னால் போனாள். வேண்டுமென்று செய்யவில்லை, கால் தானாகப் போனது. ஜோதிமணி அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டாள்.

அன்று மாலைக்குள் மற்ற மூன்று வீட்டினரும் அவளை நிறுத்திவிட்டார்கள். தூயகத்தின் பட்டியல் ஒரு வளாகத்தோடு நிற்பதில்லை. பதினொரு குடியிருப்புகளின் வாசலிலும் அதே புகைப்படம் ஏறியது. அதில் ஒன்றில் ஜோதிமணியின் லைன் வீடுகளில் குடியிருந்த இன்னொருத்தியும் வேலை செய்தாள். மறுநாள் காலை ஜோதிமணி பொதுக்குழாயில் குடம் வைத்தபோது, எல்லோரும் பிடித்து முடித்த பிறகு வரச்சொன்னார்கள். பொதுக் கழிப்பறைக்கும் அப்படியே. பதினாறு வருடம் ஒன்றாகத் தண்ணீர் பிடித்தவர்கள்.

ஜோதிமணி அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனாள். சளி கொடுத்தாள், மார்பை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டாள். மதியத்துக்குள் நோய் இல்லை என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்தத் தாளோடு வாசலுக்கு வந்து சங்கத் தலைவர் நந்தகோபாலைப் பார்க்கவேண்டும் என்றாள். அவர் ஓய்வுபெற்ற மில் மேலாளர். கம்பிக்கு உள்ளேயிருந்தே தாளைப் பார்த்தார். தாளைப் படித்து அனுமதி கொடுக்கிற அதிகாரம் தனக்கு இல்லை, கதவு பட்டியலைப் பார்த்துத்தான் திறக்கும் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

அன்று மாலை இதைக் காவலாளி சொல்லக் கேட்டபோதுதான் மிருதுளாவுக்கு அந்தக் கேள்வி வந்தது. ஜோதிமணிக்கு இல்லையென்றால், குளியலறைத் தொட்டி கண்டது யாருடையதை?

தூயகத்தின் தொழில்நுட்ப ஆள் ஆரோனை போனில் பிடித்தாள். சின்ன வயது, நல்ல பேச்சு. அவள் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னான்.

"யார் கால்னே தெரியாத மிதி வந்தா உங்க சிஸ்டம் என்ன பண்ணும்?"

"வீட்டு ஆள் கால் எதோடயும் ஒத்துப்போகலைன்னா, வெளியாள்னு எடுத்துக்கும் மேடம்."

"வெளியாள்னா எந்த வெளியாள்?"

"அந்த வீட்டுல பதிவான வெளியாள். உங்க வீட்டுல ஒருத்தர்தானே இருக்காங்க."

"அப்ப அது ஜோதிமணி காலோட ஒத்துப்போகவே இல்லை?"

கொஞ்ச நேரம் அவன் எதையோ தட்டிப் பார்த்தான். "ஒத்துப்போகலை மேடம். ஆனா வேற யார் பேருக்கும் போட முடியாதுல்ல? எங்கயாவது ஒரு பேர் வேணும். காலியா விட சிஸ்டம் விடாது."

மிருதுளா போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். தரையில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தாள். மிதியின் மேல் மெல்லிய சோப்புப் படிவு. அதில் கால் தடம் இல்லை. நாணய அளவில் வட்ட வட்டமாகத் தடங்கள் மட்டும் இருந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக. ஊன்றுகோலின் ரப்பர் நுனி.

கலாமணி படுக்கையறையில் நெல்லிக்காய் சாறு குடித்துக்கொண்டிருந்தார். மிருதுளா கேட்டதும் அவர் மறுக்கவில்லை. பொருத்த வந்தவன் முன்னால் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்ததாகவும், முழங்கால் மடங்காததால் மற்றபடி கோலால்தான் மிதியை அழுத்துவதாகவும் சொன்னார். இருமல் எத்தனை நாளாக என்று கேட்டதற்குத்தான் தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு அலமாரியைக் கைகாட்டினார். சேலைகளுக்கு அடியில் மாத்திரை அட்டைகள். தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லி ஒரு தனியார் மருத்துவரிடம் போயிருக்கிறார். மாத்திரை சாப்பிடத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"புதன்கிழமை ஜோதியக்காவை வாசல்ல நிறுத்தினப்ப உங்களுக்குத் தெரியும்," என்றாள் மிருதுளா. "தெரிஞ்சும் நீங்க இங்க உக்காந்து இட்லி சாப்பிட்டீங்க அத்தை."

"நான் என்ன, அவளைக் காட்டியா கொடுத்தேன்? அந்த டப்பா சொல்லுச்சு," என்றார் கலாமணி. "ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். வெளியில தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க? அவளுக்கு இந்த வீடு போனா இன்னொரு வீடு கெடைக்கும். எனக்கு இந்தப் பேர் போனா இன்னொரு பேர் கெடைக்குமா?"

அந்த வீட்டில்தான் மிருதுளாவும் ஆறு வருடமாகச் சாப்பிடுகிறாள். எதையாவது எடுத்து உடைக்கவேண்டும் போல இருந்தது. உடைக்கவில்லை.

கௌதமுக்கு விஷயம் தெரிந்தபோது முதலில் அம்மாவைத் திட்டினான். பிறகு தன் போனை எடுத்துப் பார்த்தான். வீட்டாருக்கான பகுதியில் எந்த எச்சரிக்கையும் இல்லை. சங்கத்துக்கு ஒன்றும் தெரியாது என்று உறுதி செய்துகொண்டதும் அவன் குரல் தணிந்தது. நிச்சயதார்த்தம் முடியட்டும், நான்கே நாள், அப்புறம் நானே சங்கத்தில் பேசுகிறேன் என்றான். அவன் தங்கை ஒன்றும் அறியாதவள், அவள் வாழ்க்கையைக் கெடுக்கலாமா என்றும் கேட்டான். அம்மாவையும் மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது, இனிப் பரவாது என்று அவரே சொல்லியிருக்கிறார், யாருக்கு என்ன நஷ்டம் என்றான். ஜோதிமணியின் பெயரை அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

மிருதுளா நான்கு நாள் காத்திருந்தாள். இதைக் கதை சொல்பவர் மறைத்தால் பொய்யாகிவிடும். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாருக்குப் பந்தி விசாரித்தாள். கலாமணி முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூட்டமென்றால் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். புகைப்படத்துக்கு மட்டும் கழற்றினார். மிருதுளாவும் அந்தப் புகைப்படத்தில் சிரித்தாள்.

அடுத்த நாள் மாலை சங்கக் கூட்டம். அறுபது பேர் இருந்தார்கள். நீச்சல் குளத்துக்கு ஓடு மாற்றுவதைப் பற்றிய பேச்சு முடிந்ததும் மிருதுளா எழுந்தாள். கௌதம் அவள் கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டாள். நோய் இருப்பது தன் மாமியாருக்கு, தொட்டி கண்டது அவருடையதை, ஜோதிமணிக்கு ஒன்றுமில்லை, அவள் படத்தை இப்போதே இறக்கவேண்டும் என்று சொன்னாள்.  

கோபப்படுவார்கள் என்று நினைத்தாள். யாரும் கோபப்படவில்லை. பாவம், இந்த வயதில் இது வேறா என்றார்கள். இப்போதெல்லாம் ஆறு மாதத்தில் குணமாகிவிடும் என்று ஒருவர் தைரியம் சொன்னார். பழக்கூடை அனுப்பலாமா என்று ஒரு அம்மாள் கேட்டார். நந்தகோபால் மட்டும் லேசாகக் கடிந்துகொண்டார்: குடியிருப்போரின் உடல்நிலை ரகசியம், இதைப் பொதுவில் சொல்லியிருக்க வேண்டாம், இங்கே கேட்டதை யாரும் வெளியே பேசக்கூடாது என்றார். அறுபது பேரும் தலையாட்டினார்கள்.

"சரிங்க, ஜோதிமணி படம்?" என்றாள் மிருதுளா.

நந்தகோபால் கூப்பிட, கூட்ட அறைத் திரையில் ஆரோன் வந்தான். பெயர் ஒருமுறை பட்டியலில் ஏறினால் கையால் அழிக்க முடியாது என்று விளக்கினான். யாரும் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டிவிடக் கூடாதே என்பதற்காகச் செய்த ஏற்பாடாம்.

"தொண்ணூறு நாள் அவங்க தூயகம் தொட்டியை மிதிக்கணும் மேடம். குப்பை சுத்தமா இருந்தா பேர் தானா போயிரும்."

"எங்க போய் மிதிப்பாங்க? எந்த வாசல்லயும் உள்ள விடமாட்டீங்களே?"

"அதுக்கு இப்போதைக்கு வழி இல்லைங்க மேடம். நான் மேல எழுதிப் போடறேன்."

நந்தகோபால் நேரம் பார்த்தார். இனி இப்படிக் குழப்பம் வராமல் இருக்க, அடுத்த மாடல் தொட்டியில் வேலைக்காரர்களுக்கென்று தனி மிதி வருகிறதாம், அதற்கு மாறிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கைகள் உயர்ந்தன. எதிர்த்து ஒரே ஒரு கை. கௌதமின் கை எந்தப் பக்கமும் உயரவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மிருதுளா அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னாள். சமையலறைத் தொட்டியைக் கழுவித் துடைத்து, காரில் ஏற்றிக்கொண்டு கணபதிக்குப் போனாள். அதை ஜோதிமணி வீட்டில் வைத்துவிட்டால், அங்கேயே தொண்ணூறு நாள் மிதிக்கலாம். நல்ல யோசனையாகத்தான் அவளுக்குப் பட்டது.

ஜோதிமணி வீட்டுவாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நாற்காலி போட்டாள். எல்லாவற்றையும் கேட்டாள்: கலாமணியின் கோல், மாத்திரை அட்டைகள், நிச்சயதார்த்தம், கூட்டம், தொண்ணூறு நாள். முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். பளபளவென்றிருந்த தொட்டியை ஒருமுறை பார்த்தாள்.

"இதைத் திருப்பிக் கொண்டு போயிருங்க," என்றாள்.

"அக்கா, மூணு மாசந்தான். உங்க பேர் போயிரும்."

"என் வீட்டுக் குப்பையை நான் எவனுக்கும் காட்டமாட்டேனுங்க. நோவே இல்லாதவ நான். இல்லைன்னு தெனமும் ஒரு டப்பாகிட்ட நிரூபிக்கோணுமா? தொண்ணூறு நாள் மிதிச்சா நல்லவ, மிதிக்காட்டி சீக்காளியா?" அவள் குரல் உயரவே இல்லை. "அதை விடுங்க. பெரியம்மாவுக்குத்தான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"வியாழக்கிழமை."

"கூட்டத்துல சொன்னது?"

"திங்கக்கிழமை."

ஜோதிமணி கையிலிருந்த கல்லை வாசலில் எறிந்தாள். "அந்த நாலு நாளும் நான் எல்லாரும் புடிச்சதுக்கப்புறம் தண்ணி புடிச்சேன். வாசல்ல நீங்க பின்னால போனீங்க பாருங்க, அதுகூடப் பரவாயில்லைங்க. பயம், யாருக்கும் வரும். தெரிஞ்சும் நாலு நாள் வாயை மூடிட்டு இருந்தீங்களே, அதுக்கு என்ன பேருங்க?"

மன்னித்துவிடுங்கள் என்றாள் மிருதுளா. அதற்கு ஜோதிமணி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. தான் என்ன செய்யவேண்டும் என்று மிருதுளா கேட்டபோது மட்டும் சொன்னாள்: நடந்ததை எல்லாம், யாருக்கு நோய், யாருக்கு எப்போது தெரியும் என்பது உட்பட, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். தன்னைப் போல அந்தப் பட்டியலில் ஏறிய இன்னும் ஏழு பெண்களைத் தேடிக் கண்டுபிடித்திருப்பதாகவும், தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகப்போவதாகவும் சொன்னாள்.

மிருதுளா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். நான்கு நாள் என்பதையும் எழுதினாள். தொட்டியைத் திரும்ப காரில் ஏற்றும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கைகொடுக்க வரவில்லை.

அந்தத் தாள் கலாமணியின் பெயரோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது கௌதமுக்குத் தெரிந்தபோது, என் அம்மாவை விற்றுவிட்டாய் என்றான். அன்றிலிருந்து இருவரும் ஒரே வீட்டில் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். கட்டடத்தில் பழக்கூடை அனுப்பியவர்கள் மிருதுளாவைக் கண்டால் அடுத்த லிஃப்டுக்கு நின்றார்கள். தூயகம் நிறுவனம், தொழிலாளர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு அவகாசம் கேட்டது. பிறகு இன்னும் அவகாசம் கேட்டது. தனி மிதி வைத்த புதிய தொட்டிகள் வந்து இறங்கின. மிருதுளா தன் வீட்டுக்கு வந்ததை வாங்க மறுத்தாள். பழையவற்றை மூலையில் கிடத்திவிட்டு, பழைய பெயிண்ட் வாளியைச் சமையலறையில் வைத்துக்கொண்டாள். அது மூடியில்லாமல் நாறியது. ஜோதிமணி இருந்த வரை அந்த வீட்டில் குப்பை நாறியதில்லை. இப்போது அதை மிருதுளாதான் தினமும் கழுவினாள்.

இரண்டாவது மாதம் தனியார் மருத்துவர் கலாமணிக்கு எழுதிய மாத்திரை கடைகளில் கிடைக்காமல் போனது. அரசு மருத்துவமனையில் பதிந்துகொண்டால்தான் தொடர்ந்து கிடைக்கும் என்று அவரே சொல்லிவிட்டார். கலாமணி ஒரு வாரம் மறுத்தார். இருமல் திரும்பியதும் வேறு வழியில்லை. கௌதமுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மிருதுளா அழைத்துப்போனாள்.

காசநோய்ப் பிரிவு மருத்துவமனையின் பின்பக்கம், வேப்பமரங்களுக்கு நடுவே, எல்லாப் பக்கமும் திறந்த கூடம். வாசலில் கதவே இல்லை. பெஞ்சுகளில் நாற்பது ஐம்பது பேர்: கட்டட வேலைக்காரர்கள், ஒரு கல்லூரிப் பெண், டை கட்டிய ஒருவர். கலாமணி சேலைத் தலைப்பை முகக்கவசத்துக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பாரேன் என்று மெல்லக் கேட்டார்.

நீலச் சீருடை போட்ட ஒரு பெண் கையில் சீட்டுக் கட்டும் குப்பிகளுமாக உள்ளேயிருந்து வந்தாள். ஜோதிமணி. ஒப்பந்த வேலை போலிருக்கிறது. பதினொரு வளாகங்களும் நோயாளி என்று வெளியே தள்ளியவளை நோயாளிகளுக்கு நடுவே வேலைக்கு எடுத்திருந்தார்கள். மூன்று பெயர்களைக் கூப்பிட்டு, விவரம் சொல்லி அனுப்பினாள். நான்காவது சீட்டைப் பார்த்தாள். பிறகு தலைநிமிர்ந்து, கூடத்தின் அந்தக் கோடி வரை கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"கலாமணி. சரவணம்பட்டி கலாமணி, யாருங்க?"

கலாமணி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தார். போய் சீட்டை நீ வாங்கி வா என்று கண்ணாலேயே கெஞ்சினார். மிருதுளா அசையவில்லை.

"கலாமணி யாருங்க? கையைத் தூக்குங்க."

தலைகள் திரும்பின. கலாமணியின் கை மெதுவாக, தோள் உயரத்துக்கு எழுந்தது. ஜோதிமணி பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தாள். மூடிபோட்ட சிறிய பிளாஸ்டிக் குப்பியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்த மரத்தடியில காத்தோட்டமா நின்னு, நல்லா ஆழமா மூச்சு இழுத்து இருமித் துப்புங்க. மூடியை இறுக்கி மூடி, அந்த ஜன்னல்ல குடுங்க. மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது."

முன்னால் போன மூவருக்கும் சொன்ன அதே வார்த்தைகள். அதே குரல். கலாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜோதிமணி அதற்குள் அடுத்த சீட்டைப் பிரித்து, அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.